ஒருமுறைதான் ஒலிக்கும்: ஓஇடி கேட்டல் தேர்வுக்குக் காதைப் பழக்கிய பத்து மாதங்கள்

பயிற்சித் தாளின் எட்டாவது கோடிட்ட இடத்தில் நான் எழுதியிருந்தது பாதக் கோளாறு. ஒலிப்பதிவில் பேசிய முதியவர் சொன்னதோ, சில வாரங்களாகச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை என்பதுதான். ‘ஐவ் பின் ஆஃப் மை ஃபூட்’ என்ற அந்த ஐந்து சொற்களில் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் தவறாகப் பிடித்து, அவர் சர்க்கரை நோயாளி என்று முன்பே தெரிந்திருந்ததால் பாதத்தில் புண்தான் இருக்கும் என்று நானே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். உணவைக் குறிக்கும் சொல்லையும் ‘ஃபுட்’ என்று குறுக்கியே சொல்லிப் பழகிய நமக்கு, அதற்கும் பாதத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு காதில் தங்குவதில்லை. ஆறு ஆண்டுகள் மதுரையில் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸுக்கு மருத்துவ ஆங்கிலம் கேட்டுப் புரியாமல் போகுமா என்ற என் நம்பிக்கை ஆட்டம் கண்டது அந்த எட்டாவது கோட்டில்தான்.

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, அங்குள்ள செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சிலான என்எம்சி கேட்கும் ஆங்கிலத் தகுதிக்குப் பொது ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி எழுதலாம். ஓஇடி மருத்துவத் துறையினருக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு. மதிப்பெண் 500 வரை உண்டு. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 350, எழுதுதலில் 300 எடுத்தால் என்எம்சிக்குப் போதும். கேட்டல் பகுதியில் 42 கேள்விகள். முதலில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டுக்கொண்டே 24 கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். அடுத்து, ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவர், பணியாளர் கூட்டம், பயிற்சி விளக்கம் போன்ற பணியிடப் பேச்சுகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. கடைசியில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஓடும் நேர்காணலோ உரையோ இரண்டு, அவற்றுக்கு 12 கேள்விகள். எல்லாமே ஒருமுறைதான் ஒலிக்கும். நான் எழுதியபோது கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தொகையை நான் மூன்று முறை கட்டினேன்.

முதல் முறை, 2023 மார்ச்சில், மற்ற மூன்று பகுதிகளும் தேறிவிட, கேட்டலில் 310 வந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போயிருந்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒரே ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவை ஓட்டி, யாராவது கை தூக்கினால் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடியும் ஓட்டிக் காட்டுவார்கள். மூன்றாவது தடவையில் எல்லோருக்கும் விடை வந்துவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சியும் வந்துவிடும். நீளமான விடைதான் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது போன்ற சூத்திரங்களும் கிடைத்தன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த எனக்குச் சொல்வளம் போதவில்லை என்று முடிவுகட்டி, ஒரு சொற்பட்டியலையும் கையில் கொடுத்தார்கள். நானும் இரவுப் பணியின் இடைவெளிகளில் அதை மனப்பாடம் செய்தேன். நோய் தவறாகக் கணிக்கப்பட்டால் மருந்தும் தவறாகத்தானே இருக்கும்.

சரியாகக் கணித்தவர் எங்கள் வார்டில் இருந்த கோட்டயத்துக்காரச் சேச்சி. ஏற்கெனவே தேர்ச்சி பெற்று விசாவுக்காகக் காத்திருந்த அவர், எனக்கு வேறு எதையும் சொல்லித் தராமல், ஒலிப்பதிவில் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக் கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் எழுதி முடிக்கும்வரை அச்சிட்ட உரையைப் பார்க்கக் கூடாது. பதினோரு முறை கேட்டு எழுதிய பிறகு உரையுடன் ஒப்பிட்டு, தவறிய சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். இருபத்து மூன்று வட்டங்கள். அவற்றில் மருத்துவச் சொல் ஒன்றுகூட இல்லை. ‘அரித்மியா’, ‘அனஸ்தெட்டிஸ்ட்’ எல்லாம் எழுத்துப் பிழையின்றி இருந்தன. விட்டுப்போனவை ‘ஆஃப்’, ‘டு’, ‘ஹேட்’, ‘வெர்’, ‘அட்’ போன்ற, ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த சின்னச் சொற்கள். சொல் தெரியாததால் அல்ல, தெரிந்த சொல் பேச்சில் என்ன உருவத்தில் வருகிறது என்று தெரியாததால்தான் நான் தோற்றிருக்கிறேன்.

தமிழில் ஒவ்வோர் அசையையும் ஏறக்குறைய முழுமையாக ஒலிக்கிறோம்; வேகமாகப் பேசினாலும் அசைகள் தம் இடத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை மட்டும் மேலெழுந்து நிற்க, மற்றவை அதன் நிழலில் சுருங்கி, உயிரொலி மங்கி, முணுமுணுப்பாகப் போய்விடுகின்றன. ‘ஷுட் ஹேவ்’ என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் வருவது ‘ஷுடவ்’. ‘டிட் யூ’ என்பது ‘டிஜ’ என்று வரும். ‘ஐ கேன் மேனேஜ் த ஸ்டேர்ஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ் நோயாளி சொன்னால், ‘கேன்’ என்பது ‘கன்’ என்று கரைந்துவிடும். முடியாது என்றால்தான் ‘கான்ட்’ என்று நீண்டு ஒலிக்கும். அந்த நீட்சிதான் அடையாளமே தவிர, கடைசியில் உள்ள ‘ட்’ அல்ல. அந்த ‘ட்’டுக்காகக் காத்திருந்த நான், மாடிப்படி ஏற முடியாத நோயாளிகளை எல்லாம் மாதக்கணக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல் தமிழர்களுக்கே உரியது. நம் எழுத்தில் க என்ற ஒரே எழுத்து, இடத்துக்கு ஏற்ப வல்லொலியாகவும் மெல்லிய ஒலியாகவும் நிற்கிறது. இரண்டும் இடம் மாறினால் பொருள் மாறும் என்ற பழக்கம் நமக்கில்லை. முதுகையும் பையையும் ‘பேக்’ என்று ஒரே மாதிரிதான் எழுதுகிறோம், கேட்கும்போதும் அப்படியே கேட்கிறோம். ‘செக் ஹிஸ் பேக்’ என்று ஒரு ஹேண்டோவர் பதிவில் வந்தபோது, படுக்கைப் புண் இருக்கிறதா என்று முதுகைப் பார்க்கச் சொல்கிறார்களா, யூரின் பேகைப் பார்க்கச் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வார்டில் இது சிறிய ஐயம் அல்ல. இறுதி மெய்யில் வேறுபாட்டைத் தேடாமல், அதற்கு முன்னால் வரும் உயிரொலியின் நீளத்தைக் கேட்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்: பை என்றால் உயிர் சற்று இழுபடும், முதுகு என்றால் சட்டென்று வெட்டப்படும். இதைக் காது ஏற்றுக்கொள்ள ஐந்து வாரம் ஆயிற்று.

அதன் பிறகு அன்றாடப் பயிற்சி ஒரு வடிவத்துக்கு வந்தது. காலையில் பேருந்தில் வரும்போது, பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ நிகழ்ச்சியில் ஒன்றை நிறுத்தாமல் ஒருமுறை கேட்டு, என்ன பேசினார்கள் என்பதைத் தமிழில் ஒரே வாக்கியமாக மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தமிழில் சொல்லக் கூடாது, ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று பயிற்சி மையத்தில் வற்புறுத்தியிருந்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. புரிந்ததா என்பதைத் தாய்மொழியில் சோதிப்பதே நேர்மையானது. கேட்ட ஆங்கிலச் சொற்களையே திருப்பிச் சொல்லிப் புரிந்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம், தமிழில் அப்படி ஏமாற்ற முடியாது. மாலையில் வீட்டில் அரை நிமிடம் எழுதுவது, ஒப்பிடுவது, வட்டமிடுவது. பிறகு அதே அரை நிமிடத்தை, பேசுபவருக்கு ஒரு நொடி பின்னால் கூடவே சொல்லிப் பார்ப்பது. வாய் ஒருமுறை ‘ஷுடவ்’ என்று சொல்லிவிட்டால், மறுமுறை காது அதைத் தவறவிடுவதில்லை.

சேச்சி நோயாளியாக நடித்து நான் குறிப்பெடுக்கும் பயிற்சியும் செய்தோம். பதற்றத்தைக் குறைக்க அது உதவியது என்பதைத் தவிர, உண்மையைச் சொன்னால், கேட்டலுக்குப் பெரிய பயன் இல்லை. அவருடைய மலையாள ஆங்கிலமும் என் தமிழ் ஆங்கிலமும் ஒன்றையொன்று நன்றாகவே புரிந்துகொண்டன என்பதுதான் குறை. மான்செஸ்டரில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த கல்லூரித் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள் அதைவிடப் பயன்பட்டன. அங்குள்ள முதியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவள் நடித்துக் காட்டுவாள். ‘ஹாஃப் செவன்’ என்றால் ஆறரை அல்ல, ஏழரை. ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்றால் ஊசி குத்தியதைப் பற்றிய புகார் இல்லை, கை கால் மரத்து எறும்பு ஊறுவது போன்ற உணர்வு. ‘ஃபன்னி டர்ன்’ என்றால் சிரிக்க எதுவும் இல்லை. திடீரென்று தலைசுற்றியோ மயக்கம் போலவோ வந்தது என்று பொருள். ‘வாட்டர்வொர்க்ஸ்’ எப்படி என்று மருத்துவர் கேட்டால், கேட்பது சிறுநீர் கழிப்பதைப் பற்றி. இவை சொற்பட்டியலில் ஒன்றில்கூட இல்லை.

நேர்காணல் பகுதி வேறு விதமான தலைவலி. உரையாடலில் தகவலைப் பிடித்தால் போதும். நேர்காணலில் பேசுபவரின் நிலைப்பாட்டைப் பிடிக்க வேண்டும். இதற்காக ஆஸ்திரேலிய ஏபிசி வானொலியின் ‘ஹெல்த் ரிப்போர்ட்’ நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டேன். அதைப் பல ஆண்டுகள் நடத்தி வந்த மருத்துவர் நார்மன் ஸ்வான் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர் என்பதால், ஒரே நிகழ்ச்சியில் காதுக்குப் பல வகைத் தீனி கிடைத்தது. எழுத்து வடிவமும் கிடைத்ததால் சரிபார்க்க முடிந்தது. மருத்துவ ஆய்வாளர்கள் நேரடியாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்வது அரிது என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. ஒரு புதிய சிகிச்சையைப் பற்றி இரண்டு நிமிடம் பாராட்டிவிட்டு, ‘இருந்தாலும்’ என்ற பொருளில் ஒரு சின்ன ‘தட் செட்’ போட்டு, அடுத்த இரண்டு வாக்கியங்களில் அந்தப் பாராட்டு முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு அந்தத் திருப்பம்தான் கரும்பு. தவறான விடைகள் ஒலிப்பதிவில் வந்த அதே சொற்களைப் போட்டுக்கொண்டு நம்மை அழைக்கும். சரியான விடை வேறு சொற்களில் அடக்கமாக நிற்கும். அதனால் காதில் விழுந்த சொல் விடையில் அப்படியே இருந்தால் சந்தேகப்படுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

இத்தனைக்குப் பிறகும் 2023 ஆகஸ்டில் 330தான் வந்தது. காரணம் காது அல்ல. பணியிடப் பேச்சுகளில் இரண்டாவதைத் தவறவிட்டு, அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதின் பாதி ஓடிவிட்டது. அதன் கலக்கத்தில் நான்காவதும் போயிற்று. பயிற்சியில் பெரும்பாலும் திரும்பக் கேட்டுப் பழகியதற்கு நான் கொடுத்த விலை அது. அதனால் அடுத்த தேர்வுக்கு முந்தைய கடைசி ஆறு வாரமும், நாளுக்கு ஒரு முழுத் தாளை ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல், தம்பி பக்கத்தில் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். விட்டது விட்டதுதான், கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். 2024 ஜனவரியில் சென்னையில் எழுதியபோது மூன்று புள்ளிகள் வைத்தேன், 370 வந்தது. ஆனால் வாசித்தல் அந்த முறை 340க்கு இறங்கிவிட்டது. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்ட என்எம்சி தரும் கால அவகாசம் 2023 பிப்ரவரியில் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டாக நீட்டிக்கப்பட்டிருந்ததால், முதல் முறையின் வாசித்தலும் கடைசி முறையின் கேட்டலும் சேர்ந்து என்னைக் கரையேற்றின. நர்ஸுகள் இதை ‘க்ளப்பிங்’ என்பார்கள்.

அடுத்து வந்த உண்மையான நேர்காணல், பிரிட்டன் மருத்துவமனை வேலைக்கானது, வீடியோ அழைப்பில் நடந்தது. திரையில் மூவர், அவர்களில் வார்டு மேலாளர் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். அங்கே அகரம் போல ஒலிக்க வேண்டியது உகரம் போல ஒலிக்கும் என்று தோழி எச்சரித்திருந்ததால், அவர் ‘ப்ளுட்’ என்றபோது ரத்தம் என்று உடனே புரிந்தது. நோயாளியின் நியூஸ் டூ மதிப்பெண் இரண்டிலிருந்து ஏழுக்கு ஏறினால் என்ன செய்வீர்கள் என்பது அவர் கேள்வி. நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கூட்டிக் கணக்கிடும் எச்சரிக்கை அளவு அது. ஏழு என்றால் அவசர நிலை. விடை தெரியும். ஆனாலும், ஏழு என்றுதான் சொன்னீர்கள், இல்லையா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு பதில் சொன்னேன். அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. தொலைபேசியில் மருந்தளவு கேட்டால் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதும் நம் வேலைதானே என்று பின்னர் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில், தங்குமிடத்திலிருந்து மருத்துவமனைக்கு வருவதைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, நான் தலையாட்டிச் சிரித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு ‘புஸ்’ உண்டு என்றது மட்டும் காதில் நின்றது. அழைப்பு துண்டிக்கப்பட்டு, சேச்சியிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது பஸ் என்று உறைத்தது. குறிப்பேட்டை எடுத்துச் சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டேன்.