மூங்கிலுக்குள் ஒரு பேஸ்

உறுமி மேளத்துக்கு அடியில் ஓட ஒரு பேஸ் (bass, அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த சுருதி) வேண்டும். அதுவும் இயற்கைப் பொருளிலிருந்தே பிறக்க வேண்டும். இந்த ஆசையில்தான் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் மைக்கோடு அலைகிறேன்.

தாவரவியல் பூங்காவில் உதிர்ந்து கிடந்த நாகலிங்கக் காயைத் தட்டினால் வெறும் 'பொத்'. சுருதியே இல்லை. தேங்காய்ச் சிரட்டையில் சுருதி உண்டு, ஆனால் நொடியில் செத்துவிடுகிறது. ஓடைக்கல் ஆச்சரியப்படுத்தியது. இரண்டு கல் மோதும் 2,000 ஹெர்ட்ஸ் 'கிளிங்'கைப் பதிந்து, மெதுவாக ஓட்டி ஐந்து ஸ்தாயி இறக்கினால் (ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதிர்வெண் பாதியாகும்) 62 ஹெர்ட்ஸ். வேகம் 32 மடங்கு குறைவதால் அந்தச் சின்னச் சத்தம் நீண்டு ஒலிக்கிறது. அழகுதான், ஆனால் மேல் அதிர்வுகள் எல்லாம் மங்கிப்போய், மெத்தைக்கு அடியில் வாசிப்பது போல இருக்கிறது.

அப்புறம்தான் மூங்கில். லெமாங் (மூங்கிலுக்குள் வேகவைக்கும் பசையரிசிச் சோறு) சுடுகிற மெல்லிய மூங்கிலில் ஒரு பக்கம் கணு அடைத்த, அரை மீட்டர் நீளக் குழாய். இப்படி ஒரு பக்கம் மூடிய குழாயில் அடிப்படை ஒலியின் அலைநீளம் குழாயைப் போல நாலு மடங்கு. ஆக, ஏறத்தாழ 170 ஹெர்ட்ஸ். இரண்டு ஸ்தாயி இறக்கினால் 42 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41.2! சாம்பிளரில் (பதிந்த ஒலியைச் சுருதி மாற்றி வாசிக்கும் கருவி) கொஞ்சம் சுருதி சேர்த்தால் போதும். அடிக்கணுவைத் தரையில் இடிக்கும்போது குழாய்க்குள் காற்று மூச்சுவிடுவது கேட்கிறது. எந்தச் சிந்தசைசரிலும் எனக்குக் கிடைக்காதது அந்த மூச்சு.

96 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து, பதிவது நல்லது. மைக் பிடித்த வரை, காதுக்கு எட்டாத மேல் அதிர்வுகளும் இறங்கி வந்து உயிர் கொடுக்கும். வீட்டில் பதிந்தால் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இரண்டு ஸ்தாயி கீழே 12.5 ஆக இறங்கி, காதில் விழாமலே ஸ்பீக்கரின் பலத்தைத் தின்னும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபில்டரால் வெட்டிவிடுகிறேன். கைப்பேசியிலும் கேட்க வேண்டுமென்றால் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைத்து மேல் அதிர்வுகளைக் கூட்டுவது).

உறுமியோடு சேர்த்தபோது, மூங்கிலின் முதல் 'டக்' மேளத்தின் அடியோடு மோதியது. அதன் தொடக்கத்தை மெதுவாக எழவிட்டதும் சரியாகிவிட்டது.

அடுத்து ஒரு மீட்டர் குழாய். உட்கணுக்களைக் கம்பியால் குத்தி உடைத்து, கடைசிக் கணுவை மட்டும் விட வேண்டும். அதற்கு ஒரு ஸ்தாயி இறக்கினாலே போதும், மூச்சும் கூடுதலாக மிஞ்சும்.