பல்லிப் பெட்டி: திருகோணமலை நாட்குறிப்பு

2025 மார்ச் 1, சனி

தம்பி ஜப்பானுக்குத் திரும்பி நாலு நாள். அவன் விட்டுப்போன கைகர் எண்ணியை, கதிர்வீச்சை அளக்கிற பெட்டியை, இன்றைக்குத்தான் கையில் எடுத்தேன். சவர்க்காரப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பின்பக்கம் ஒரு வட்டக் கம்பிவலை, அதற்குள் மெல்லிய மைக்காத் தகடு. "அதில விரல் வையாதையுங்கோ அக்கா, மைக்கா உடைஞ்சால் சாமான் குப்பைக்குத்தான்" என்று இரண்டு தரம் சொன்னான். அவன் புதிதொன்று வாங்கிவிட்டானாம். வேலை கோரியமாவில். ஃபுக்குஷிமா அணு உலையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர்.

முற்றத்தில், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் பிடித்துப் பத்து நிமிடம் நின்றேன். மணிக்கு 0.13 மைக்ரோ சீவேர்ட். உடம்பில் படும் கதிர்வீச்சை அந்த அலகில்தான் சொல்வார்கள். எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சராசரி வரும்வரை பொறுக்க வேண்டும். பெட்டி விட்டு விட்டு 'டிக், டிக்' என்றது. அம்மா கதவடிக்கு வந்து, "என்ன பிள்ளை, பல்லி சொல்லுது? எந்தத் திசையில?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

அலுமாரி லாச்சியில் அப்பாவின் பெற்றோமக்ஸ் விளக்குக்குப் போடும் மென்டில் (வலைத்திரி) ஒன்று, பக்கற்று பிரிக்காமல் கிடந்தது. பெட்டியைக் கிட்டக் கொண்டுபோனேன். முற்றத்தில் நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் எண்ணியது, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பல்லிச் சத்தம் போய் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அப்பியாசக் கொப்பி ஒன்றை இடையில் வைத்தேன், அப்படியே சரிந்தது. பீற்றாத் துணிக்கைகளைக் கொப்பி மறிக்கிறது. வருசா வருசம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன், காதால் கேட்டது இன்றைக்குத்தான்.

பழைய மென்டில்களில் இருப்பது கதிர் வீசும் தோரியம் ஒட்சைட்டு. தோரியம் வருவது மொனசைட் மணலிலிருந்து. அந்த மணல் இருப்பது எங்கள் புல்மோட்டையில். (தோரியனைற் என்ற கனிமமே 1904இல் இலங்கைக் கல்லில்தான் அடையாளம் காணப்பட்டது. கல்லைக் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றே அவரை எல்லோருக்கும் தெரியும்.)

மார்ச் 8, சனி

இவரோடு மோட்டார் சைக்கிளில் புல்மோட்டை. நிலாவெளி, குச்சவெளி தாண்டி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கனிய மணல் ஆலைப் பக்கம் போகவில்லை. பொதுக் கடற்கரையில், மணல் பட்டை பட்டையாகக் கறுத்த இடத்தில் குந்தினேன். அந்தக் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். மொனசைட் அதற்குள் கொஞ்சம்தான்.

ஒரு மீற்றர் உயரத்தில் 0.38. மணலோடு ஒட்டிப் பிடித்தால் 0.7. அரிசிமலைக் கரையில், அரிசி மாதிரிப் பருமணலுக்கு மேலே, 0.11.

உடனே தம்பிக்கு அனுப்பினேன். "கோரியமா ஸ்டேஷன் வாசல்ல 0.08 அக்கா. நீங்கள்தான் இங்க ஓடி வர வேணும்!"

சிரிப்புத்தான். ஆனால் அவனே பிறகு ஒன்று சொன்னான். பெட்டி சீவேர்ட் கணக்கைச் சீசியத்துக்கு, ஃபுக்குஷிமா உலையிலிருந்து பரவிய கதிரியக்கப் பொருளுக்கு, என்று போட்டு வைத்திருக்கிறது. தோரிய மணலில் அது காட்டும் எண்ணை மட்டுமட்டாகத்தான் எடுக்க வேண்டும். கூட என்று சொல்லலாம், எவ்வளவு கூட என்று சத்தியம் பண்ணக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் முற்றத்தில் 0.19. ஒரே இடம், ஒரே உயரம். நெஞ்சு திக்கென்றது. ஒரு மணித்தியாலம் யோசித்த பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கம்பிவலையின் ஓரமெல்லாம் கறுப்பு மணல்! நேற்று மணலில் வைத்துவிட்டேன். வர்ணத் தூரிகையால் தட்டி எடுத்ததும் 0.13க்கு இறங்கியது.

தம்பி ஏசினான். "ஷொப்பிங் பேக்குக்குள்ள போட்டு அளக்கச் சொன்னேன்தானே?" அங்கே எல்லோரும் முதலில் படித்த பாடம் அதுதானாம். சீசியம் மழையோடு இறங்கிக் கூரையிலும் பீலியிலும் களிமண்ணிலும் பிடித்துக்கொண்டது. மேல் மண்ணை ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் சுரண்டிப் பையில் கட்டினார்கள். துப்புரவுக்கு அவர்கள் வைத்த இலக்கு 0.23. ஒரு ஆள் நாளுக்கு 8 மணித்தியாலம் வெளியே, 16 மணித்தியாலம் சுவர் மறிக்கிற வீட்டுக்குள் என்று வைத்து, வருடத்துக்கு ஒரு மில்லி சீவேர்ட் வரும்படி 0.19 எடுத்து, இயற்கையாக உள்ள 0.04ஐக் கூட்டியது. எட்டு மணித்தியாலம் வெளியே! வயலில் நிற்கிறவனை யார் கணக்கில் எடுத்தது?

அலைபேசியை வைத்துவிட்டு, பெட்டியிலிருந்தும் செருப்பிலிருந்தும் உதிர்ந்ததைக் கூட்டி ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டேன். இரண்டு தேக்கரண்டி வரும்.

மார்ச் 11, செவ்வாய்

ஃபுக்குஷிமா உலை விபத்து நடந்து பதினாலு வருடம். தம்பி லீவு போட்டு, கூட்டாளியின் காரில் கரையோரம் போனான். ஆறாம் இலக்க நெடுஞ்சாலை, கண்ணாடி மூடியபடி. எண்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான். 0.09. 0.2. 0.6. உலை இருக்கிற ஒக்குமாவில் 1.2. பிறகு 0.4. ஃபுத்தாபா ஸ்டேஷனடியில் 0.15. அந்த ஊருக்கு ஆட்கள் திரும்பி வர 2022 ஓகஸ்டில்தான் விட்டார்கள்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்: கடல் வந்து ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது, தண்ணீர் சுற்றாமல் மூன்று உலைகள் உருகின. "கடல் வந்து" என்றதோடு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. 2004இல் நாங்கள் ஓடியது நினைவுக்கு வந்திருக்கும்.

சீசியம்-134க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், இரண்டு வருடம், அது கிட்டத்தட்ட முடிந்தது. 137க்கு முப்பது வருடம். நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் குறைந்திருக்கிறது. எங்கள் தோரியத்துக்கு 1,400 கோடி வருடம். அதனோடு போட்டி போட முடியாது.

மார்ச் 15, சனி

அம்மா டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தது என் பிழை. முற்றத்தில் கொட்டவா என்றேன். வேண்டாம். கடலில்? அதுவும் வேண்டாம். "எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடு."

தம்பியிடம் சொன்னேன். அங்கே சுரண்டிய மண் ஒக்குமாவிலும் ஃபுத்தாபாவிலும் குவிந்திருக்கிறது, ஏறத்தாழ 1.4 கோடி கனமீற்றர். 2045க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சட்டம். எங்கே என்பதற்குத்தான் இடமில்லை.

இவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கரண்டி மண்ணுக்கு நூறு கிலோமீற்றர் பெற்றோலா?" என்றவர், போகும்போது குச்சவெளியில் மீன் வாங்கலாம் என்றார். நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். பெட்டியை இப்போதே ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கட்டிவிட்டேன்.