மரீ: வண்டி மாறுவதற்கென்றே வளர்ந்த ஊர்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 685 கிலோமீட்டர். வெகுதூரம் வரை ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் கூடவே வருகிறது. பிறகு அதுவும் விலகிக்கொள்ள, செம்மண்ணும் கல்லும்தான் மிச்சம். அந்தச் சமவெளியின் நடுவே மரீ. இரண்டு மாடிக் கல் ஹோட்டல் ஒன்று, கடை, பெட்ரோல் போடும் இடம், தேவைக்கு மேல் அகலமான தெருக்கள். ஊரில் நூறு பேர் தேறினாலே அதிகம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார் கூட வந்த நண்பர்.

ஆமாம், இதைப் பார்க்கத்தான்.

இது அரபானா பழங்குடி மக்களின் மண். 1859-இல் நாடாய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பயணக் குழுவில் இருந்த ஹெர்காட் என்ற ஜெர்மானியர் இங்கே நீரூற்றுகளைக் கண்டார். அவர் பெயரிலேயே ஊர் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் ஆனது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர்களைக் கண்டாலே ஆகாத காலம் வர, 1918-இல் மரீ என்று மாற்றிவிட்டார்கள்.

1884-இல் ரயில் வந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை என்பதுதான் ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். வந்து இறங்கிய மாவு, தேயிலை, சர்க்கரை எல்லாம் இங்கே ஒட்டகத்தின் முதுகுக்கு மாறி உள்நாட்டுப் பண்ணைகளுக்குப் போகும். அங்கிருந்து ஆட்டு ரோமம் ஒட்டகத்தில் வந்து ரயிலேறும்.

அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்களை வெள்ளையர்கள் ஒட்டுமொத்தமாக 'ஆப்கான்கள்' என்றார்கள். உண்மையில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அதாவது அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்பு, மறுபக்கம் இவர்களும் பழங்குடி மக்களும். கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கும் மூன்று தனித்தனிப் பகுதிகள்!

ஊரின் பழைய பள்ளிவாசல் ஆஸ்திரேலியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. இதுதான் முதலாவது என்பாரும் உண்டு. அதில் சர்ச்சை இருக்கிறது. இப்போது நாம் பார்ப்பது 2003-இல் எழுப்பிய மாதிரி வடிவம். மண்ணும் மரக்கம்பங்களும் வேய்ந்த கூரையுமாக ஒரு சிறு குடில், அவ்வளவுதான். பழைய புகைப்படத்தில் அதன் முன்னால் ஒளுச் செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ, ஒரு குளம் தெரிகிறது. இந்த வறண்ட மண்ணில் தொழுகைக்கு முதலில் தண்ணீர் வேண்டுமே!

பேஜா தர்வேஷ் என்ற பலூச்சிக்காரர் இங்கேதான் வாழ்ந்தார். 1896-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்ட கால்வர்ட் பயணத்தில் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாளர் அவர்தான். குழுவில் இருவர் உயிரிழந்த பயணம் அது. தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன்னுடைய திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். முதுமையில் மரீயில் பேரீச்சை வளர்த்து, 1957-இல் காலமானார். இப்படிப்பட்டவர்களுக்கு, ஆசியர்கள் என்பதால், 1903-இன் சட்டம் குடியுரிமையை மறுத்தது. லாரி வந்ததும் ஒட்டகத்துக்கும் வேலை போயிற்று. 1925-இல் ஒட்டகங்களை அழிக்க வழிசெய்யும் சட்டத்தையே தெற்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்தது. கொல்ல மனமில்லாமல் பலர் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வாரிசுகள்தான் இன்று காடுமேடெல்லாம் திரிகின்றன. ஜூலை மாதத்தில் இங்கே ஒட்டகப் பந்தயமும் நடக்கிறது.

ரயில் நிலையத்தில் ஓடாத டீசல் எஞ்சின்கள் துருவேறி நிற்கின்றன. பாதை 1929-இல் நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டுவிட்டாலும், 1957-இல் தெற்கிலிருந்து 'ஸ்டாண்டர்ட் கேஜ்' எனப்படும் அகலம் கூடிய பாதை மரீ வரை வந்ததால் இந்த ஊருக்கு மறுபடி யோகம் அடித்தது. வடக்கே இருந்தது பழைய குறுகிய பாதை. ஆகவே எல்லோரும் இறங்கி வண்டி மாற வேண்டும், சரக்கும் மாற வேண்டும். வெள்ளம் அடிக்கடி அரித்த அந்தத் தடத்தைக் கைவிட்டு, 1980-இல் வெகுதூரம் மேற்கே புதுப் பாதை போட்டார்கள். 'ஆப்கான்' ஒட்டகக்காரர்களின் நினைவாகப் பெயர் பெற்ற 'கான்' ரயில் இப்போது அவர்கள் ஊரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாற வேண்டிய தேவை போனதும் ஆட்களும் போய்விட்டார்கள்.

1883-இல் கட்டிய ஹோட்டலில் டாம் க்ரூஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. நடிகர் இல்லை, மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் ஊர் வரை போகும் பேர்ட்ஸ்வில் தடத்தில் மணலிலும் வெள்ளத்திலும் லாரி ஓட்டித் தபால் சேர்த்தவர். அந்தத் தடம் 517 கிலோமீட்டர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள்.

விளம்பரமெல்லாம் 'மரீ மனிதனுக்கு'. 1998-இல் ஒரு விமானி கண்ட, தரையில் கீறிய இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான வேட்டைக்காரன் உருவம். யார் கீறினார்கள் என்பது இன்றுவரை புதிர். விமானத்தில் ஏறினால்தான் தெரியும், அதற்குச் செலவும் கொஞ்சமில்லை. அந்தப் பணத்தை ஐர் ஏரியில் தண்ணீர் இருக்கும் ஆண்டுக்காகச் சேர்த்துவைப்பேன். பெரும்பாலும் உப்புப் பாளமாகக் கிடக்கும் அந்த ஏரிக்கு மரீயில் ஒரு பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மேற்கே ஊடனடாட்டா தடம் என்ற மண் சாலையில் போனால் நாய் வேலியைத் தாண்டலாம். டிங்கோ என்னும் காட்டு நாய்கள் ஆட்டு மந்தைக்குள் வராமல் தடுக்க 5,000 கிலோமீட்டருக்கு மேல் போட்ட வேலி. சற்றுத் தள்ளி, வாலில் நிற்கும் இரண்டு விமானங்களோடு ஒரு சிற்பத் திடல். மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். மழை பெய்தால் மண் சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். டாங்கை மரீயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த பங்க் வில்லியம் க்ரீக்கில், 200 கிலோமீட்டருக்கு அப்பால்.