முன்பாரம், பின்பாரம்

எங்கள் ஸ்கார்ப்பியோ காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக, உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துச் செய்த ட்ரெய்லர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் மாமா பார்க்க வந்தார். அம்மாவின் தம்பி, 78 வயது, வாலிபத்தில் காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் மாட்டுவண்டியில் பாரம் அடித்தவர். கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை என்று நான் ஆசையாய்க் காட்டிய எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் போய், ஸ்கார்ப்பியோவில் மாட்டும் மூக்கை இரண்டு கையாலும் தூக்கினார். சுலபமாக வந்துவிட்டது.

"கண்ணு, இது பின்பாரமா இருக்குது. மாட்டைக் கழுத்தோட தூக்கிருமே."

"இதுக்கு மாடு இல்லீங்க மாமா, டீசல் வண்டிங்க" என்று சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சிரிப்பு அடங்கிவிட்டது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலை தெற்கு நோக்கிப் போவது. ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வலது பக்கமாக அறையும். அம்மி பறக்க ஆடி வரை காத்திருக்க வேண்டியதில்லை, எங்கள் பக்கம் ஆனியே போதும். ஊதியூர் தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பஸ் எங்களை முந்தியது. அவ்வளவுதான், பின்னால் ட்ரெய்லர் நாய் வாலைப் போல ஆட ஆரம்பித்தது. அது ஆட, அதோடு சேர்ந்து எங்கள் வண்டியின் பின்பக்கமும் இழுபட்டது. வீட்டுக்காரர் "பிரேக் போடு" என்று கத்தினார். நல்லவேளை, கால் மரத்துப்போய் நான் எதுவும் செய்யவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். வேகம் குறைந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது. அதுதான் சரியான வைத்தியம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் பின்னாலிருக்கும் பாரம் நம்மைத் தள்ளி, இரண்டு வண்டியும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிவிடும்.

மறுநாள் ஒரு அரிசி ஆலையின் எடை மேடைக்குப் போனோம். ட்ரெய்லரைக் கழற்றித் தனியாக ஏற்றினால் 1,040 கிலோ. மறுபடி வண்டியில் மாட்டி, ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினால் 1,010. ஆக, ஹிட்ச் மேல், அதாவது மூக்கை வண்டியில் மாட்டும் இடத்தில், இறங்குவது வெறும் 30 கிலோ! மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் இப்படித்தான் வால் ஆடும் என்பது பலரும் சொல்லும் கணக்கு. மாமா கையால் தூக்கிச் சொன்னதைத்தான் 100 ரூபாய் கொடுத்துச் சீட்டாக வாங்கி வந்தோம்.

குற்றவாளி யார் என்று தேடியதில், பின்கட்டிலுக்கு அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. 80 லிட்டர் என்றால் 80 கிலோ. அதற்குப் பக்கத்திலேயே பேட்டரி. உள்வேலை செய்து கொடுத்தவர் இடம் இருந்த இடத்தில் வைத்துவிட்டார், பாரம் பார்த்து வைக்கவில்லை. பேட்டரியை முன்பக்கத்துக்கு மாற்றினோம். ஓடும்போது தொட்டி காலி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வது என்று முடிவு. திரும்ப எடை போட்டால் மொத்தம் 960, சக்கரத்தில் 860. மூக்கில் நூறு கிலோ.

அலமாரிக் கதவுகளுக்கும் வீட்டுச் சமையலறையில் வைப்பது போலக் காந்தம்தான் வைத்திருந்தார்கள். முதல் வேகத்தடையிலேயே கதவு திறந்து, அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எடுத்து வைத்திருந்த துவரம்பருப்பு முழுக்கத் தரையில் கொட்டியது. இன்றைக்கும் மெத்தையை உதறினால் நாலு பருப்பு விழும். எல்லாவற்றுக்கும் கொண்டி அடித்தேன்.

ரிவர்ஸ் பழகியது ஒரு கொப்பரைக் களத்தில். காய் உலர்த்தாத நாளாகப் பார்த்து, தேங்காய்த் தொட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பழகினேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். மூளைக்கு அது பிடிபடவே மாட்டேன் என்கிறது. கடைசியில் டிராக்டர் ஓட்டும் பையன் ஒருவன்தான் வழி சொன்னான்: "கையை ஸ்டியரிங்குக்கு அடியில புடிங்கக்கா. டிரெய்லர் எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் கையை நகத்துங்க." பதினேழு தொட்டி நொறுங்கிய பிறகு வந்தது.

அப்புறம்தான் இரண்டாவது பயணம், உடுமலைக்குத் தெற்கே சொந்தக்காரர் தோப்புக்கு. மாமாவும் வந்தார். பாதுகாப்புச் சங்கிலிகளை ஹிட்ச்சுக்கு அடியில் குறுக்காக மாட்டினேன், ஏழு முனை பிளக்கைச் செருகி இண்டிகேட்டர் பார்த்தேன். காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவே நல்ல காற்றுதான், ஐம்பதைத் தாண்டவில்லை, வண்டி நூல் பிடித்த மாதிரி வந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே மூன்றாவது முயற்சியில் பின்னால் ஏற்றி நிறுத்தி, கழற்றி, தொட்டியில் தண்ணீரும் நிரப்பியாயிற்று. பெருமை தாங்கவில்லை. நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் உள்ளே போய்ப் பின்கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தோம்.

மூக்கு மேலே எழும்பியது. அடுப்பிலிருந்த பால் சட்டி எங்களை நோக்கி வழுக்கி வந்தது.

வெளியே கயிற்றுக்கட்டிலில் இருந்த மாமா எழுந்து வருவது ஜன்னலில் தெரிந்தது. "மாட்டை அவுத்தா வண்டிக்கு முட்டுக் குடுக்கோணும்னு தெரியாதா கண்ணு?" என்றபடி, பின்பக்கம் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தார்.