கூரை ஓட்டையில் சூரியன்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பித்த வருடம் அது. ஒளிப் பாடம் வந்தபோது அலுமாரியில் கிடந்தது விளிம்பு உடைந்த வில்லை ஒன்றும் இரண்டு தளவாடிகளும்தான். பால்மா டின்னில் ஊசித்துளைக் கமரா செய்தோம். ஆணியால் போட்ட துளை பெரிதாகி, படம் மங்கிவிட்டது. அதன்மேல் சொக்லேட் தாளை ஒட்டி ஊசியால் குத்தினோம். எண்ணெய் தடவிய தாளில் மெழுகுதிரிச் சுடர் தலைகீழாகத் தொங்கியதும் வகுப்பே கூச்சல் போட்டது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் நின்றான்.

"சேர், எங்க காம்பராவுலயும் இப்பிடித்தான். தகரத்துல ஆணி ஓட்டை. காலையில தரையில வட்டம் வட்டமா வெளிச்சம் விழும்."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். மழை வந்தால் அதே ஓட்டைகளுக்குக் கீழே சட்டி வைக்க வேண்டும். நானும் அப்படியொரு லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிறந்தவன். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குத் தெரியும்.

"ஓட்டை என்ன வடிவம்டா?"

"கோணல்மாணலா இருக்கு சேர்."

"அப்ப வெளிச்சம் ஏன் வட்டமா விழுது?"

மறுநாள் காலை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "சூரியன் வட்டமா இருக்கு, அதனாலயா சேர்?"

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆறு பிள்ளைகளோடு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார், பாட்டிதான் அடுப்படியில். புகைக்குள் கதிர்கள் கயிறு கட்டியதுபோல நேராக நின்றன. புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அதன் பாதை தெரிகிறது என்பதை அங்கே நான் விளக்கவே தேவைப்படவில்லை. பாட்டி அடுப்பை ஊத ஊதக் கதிர் தெளிந்தது. தரையில் விழுந்த வெளிச்சம் முட்டை வடிவம். வெள்ளை மட்டையைக் கதிருக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்தால் அச்சு வட்டம். சூரியனை நேரே பார்க்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேனோ.

துளையிலிருந்து மட்டைக்கு 270 சென்ரிமீற்றர். வட்டத்தின் குறுக்கே 2.6. சூரியன் இருப்பது 150 மில்லியன் கிலோமீற்றர் தூரத்தில். மட்டையில் விழுந்தது சூரியனின் படம்; அதன் அகலத்துக்கும் துளையிலிருந்து அதன் தூரத்துக்கும் உள்ள விகிதம்தான் சூரியனுக்கும். ஒரு பிள்ளை கரித்துண்டால் தரையிலேயே கணக்குப் போட்டாள்: சூரியனின் விட்டம் 1.44 மில்லியன் கிலோமீற்றர். சரியான அளவு ஏறத்தாழ 1.39. துளைக்கும் ஓர் அகலம் இருப்பதால் விளிம்பு மங்கிக் கொஞ்சம் கூடிவிட்டது. மழை ஒழுகும் அந்த ஓட்டையால் சூரியனை அளந்தோம். என் பணிக்காலத்தில் இதைவிட நல்ல பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

அதுவரை பேசாதிருந்த பாட்டி சொன்னார்: "அன்னைக்கு கிரகணத்தப்ப இந்த வட்டமெல்லாம் பிறை பிறையா கெடந்துச்சுய்யா."

2019 டிசம்பர் 26. யாழ்ப்பாணத்தில் வளையமாகவும் எங்கள் மலைகளில் பகுதியாகவும் தெரிந்த கிரகணம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கண்டுவைத்திருந்தார்.

பிள்ளைகள் கரித்துண்டை அவர் கையில் கொடுத்தார்கள். பிறை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று வரைந்தார்.

"அப்ப வானத்துல மத்தப் பக்கம்தானே இருந்திருக்கும், சேர்? மெழுகுதிரி மாதிரி தலைகீழாத்தானே விழும்?" என்றான் அவன். இந்த முறை குரல் தாழவில்லை.