திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்: டர்பனில் சிலை வைக்க நினைப்பவர்களுக்கு

நவம்பர் 16 நெருங்கினால் ஏதாவது ஒரு சங்கத்தில் இந்தப் பேச்சு எழும். 1860-ல் அதே நாளில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கு ஒரு சிலை வேண்டும் என்பார்கள். வள்ளுவர் வைக்கலாம், ஔவையார் வைக்கலாம் என்றும் யோசனை வரும். நல்ல ஆசைதான். ஆனால் வசூலான பணம் முழுவதையும் சிலைக்கும் திறப்பு விழாவுக்கும் செலவழித்துவிட்டால், ஐந்தே வருடத்தில் அந்தச் சிலையைப் பார்க்கவே மனம் வலிக்கும். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் சிற்பியிடம் பேசவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எந்தப் பொருளில் செய்வது என்று பார்ப்போம். டர்பன் கடற்கரையில் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மாறிமாறி வீசும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. நவீன சிற்பங்களில் பலர் விரும்பும் கார்ட்டென் எஃகு இங்கே சரிப்படாது. வெளித்துரு கெட்டியாகி உள்ளே இருக்கும் எஃகைக் காப்பதுதான் அதன் சிறப்பு. உப்புக்காற்றில் அந்தத் துரு கெட்டிப்படாமல் ஏடு ஏடாக உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழே பாவிய கல்லிலும் செங்கறை படியும். ஃபைபர்கிளாஸ் விலை குறைவு. ஆனால் வெயிலில் மேல்பூச்சு சுண்ணாம்பு போலப் பொடிந்துவிடும், ஒரு உதை விழுந்தால் விரிசல் விடும். கோவில் கோபுரத்தில் நாம் பார்க்கும் சுதை வேலை அழகானது. ஆனால் கோவிலில் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வண்ணம் பூச ஆள் இருக்கிறது. தெருமுனைச் சிலைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஆகவே கருங்கல் அல்லது வெண்கலம், இந்த இரண்டில் ஒன்று.

வெண்கலம் என்றதும் பலர் சுவாமிமலைப் பட்டறைகளை நினைப்பார்கள். அங்கே உற்சவ மூர்த்திகளை உள்ளே கெட்டியாகவே வார்ப்பது மரபு. ஆளுயரச் சிலைக்கு அந்த முறையைக் கேட்காதீர்கள். எடை 600 கிலோவைத் தாண்டிவிடும், தடித்த பாகங்கள் ஆறும்போது சுருங்கி விரிசலும் விழும். உள்ளே கூடாக, 5 மி.மீ. தடிமனில் வார்க்கச் சொல்லுங்கள். 150 முதல் 250 கிலோவுக்குள் வேலை முடியும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். கூடு உண்டாவதற்காக வார்க்கும்போது உள்ளே வைத்த கருமண்ணை முழுவதும் சுரண்டி எடுத்திருக்கவேண்டும். உள்ளே தாங்கும் சட்டம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவேண்டும். சிலையின் மிகத் தாழ்ந்த இடங்களில், பாதத்திலும் வேட்டி மடிப்பின் அடியிலும், 8 முதல் 10 மி.மீ. அளவில் வடிகால் துளை வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் சிலை உள்ளிருந்து கெடும். மிச்ச மண் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண இரும்புச் சட்டம் வெண்கலத்தோடு ஒட்டியிருந்தால், ஈரத்தில் இரும்புதான் முதலில் அரிபடும். அப்போது அது பருத்து வெண்கலத்தையே பிளக்கும். சிலையின் முழங்காலில் பழுப்பு ஒழுக்கு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெளியே துடைத்துப் பயனில்லை.

அடுத்தது அடித்தளம். டர்பனின் பெரியா மேட்டுச் செம்மணல் காய்ந்திருக்கும்போது கல்லாக இருக்கும், கடப்பாரை இறங்காது. நனைந்து பாரம் ஏறியதும் பொதுக்கென்று அமுங்கும். பக்கத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் கசிந்தாலே போதும். எனவே மண் பரிசோதனை இல்லாமல் குழி தோண்டாதீர்கள். பாரம் சிலையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பீடத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் சதுரத்தில் 1.2 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் பீடம் எழுப்பினால் அதுவே மூன்று டன்னுக்கு மேல். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் கட்டாயம் தேவை. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 50 மி.மீ.-க்குக் குறையக்கூடாது. பீடத்தின் மேல்தளம் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 செ.மீ. சரிவாக இருக்கவேண்டும். தட்டையாக விட்டால் மழைநீர் தேங்கி, கல் இடுக்கில் இறங்கி, வெள்ளை உப்பாகப் பூத்து வெளியே வரும். பீடத்தைச் சுற்றிக் கல்பலகை பதிப்பதானால் பசையை மட்டும் நம்பவேண்டாம். ஒவ்வொரு பலகைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளை போடுங்கள்.

சிலையைப் பீடத்தில் நிறுத்த 20 மி.மீ. தடிமனுள்ள 316 மரையாணிகளை, குறைந்தது 200 மி.மீ. ஆழத்துக்கு, எபாக்ஸிப் பசை ஊற்றி இறக்குவார்கள். துளையைக் குடைந்தபின் தூசியை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதவேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எபாக்ஸி கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைப் பிடிக்கும். பிறகு ஒரு பக்கியின் (சிறு சரக்கு வண்டி) பின்னால் சங்கிலி கட்டி இழுத்தால் சிலை வந்துவிடும். இந்த நாட்டில் இது வெறும் பயமல்ல. செம்புக்கும் வெண்கலத்துக்கும் பழைய இரும்புக்கடையில் விலை இருக்கும்வரை ஆபத்து உண்டு. 2022 இறுதியில் அரசு பழைய உலோக ஏற்றுமதியையே தடுத்த காரணமும் இந்தத் திருட்டுதான். ஆகவே கால் எலும்பு போல ஒரு ஸ்டெயின்லெஸ் குழாயை இரண்டு கால்களின் உள்ளேயும் முழங்கால்வரை ஏற்றி, சுற்றிலும் ரெசின் ஊற்றிக் கெட்டியாக்குங்கள். கணுக்காலில் கிரைண்டர் வைப்பவனுக்கு வேலை கடினமாகும். எடை, அளவு, எல்லாப் பக்கத்திலும் எடுத்த புகைப்படம், உலோகத்தின் சிறு துண்டு ஆகியவற்றைச் சங்கத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அதே காரணத்தால் பெயர்ப்பலகையை வெண்கலத்தில் செய்யவேண்டாம். முதலில் காணாமல் போவது அதுதான். கருங்கல்லில் 3 மி.மீ. ஆழத்துக்குப் பொறியுங்கள். இங்கே நம் மொழிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கல் பொறிக்கும் கடையில் தமிழ் தெரியாது, அவர்களுடைய கணினியிலும் தமிழ் சரியாக ஏறாது. 'கொ' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும், இல்லையென்றால் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் முளைக்கும். தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பாமல், எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டு வரச் சொல்லி, இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துப் பாருங்கள். புள்ளிகளுக்குத் தனிக் கவனம் தேவை. கல்லை மெருகேற்றும்போது சின்னப் புள்ளி மறைந்துவிடும், 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். எழுத்து சிறியதாக இருந்தால் இந்த ஆபத்து அதிகம்.

எந்தத் திசை பார்க்க நிறுத்துவது? தமிழ்நாட்டுப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் ஏமாறுவோம். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. தெற்குப் பார்த்து நிற்கும் சிலைக்குப் பெரும்பாலும் முகம் இருட்டு, முதுகு வெளிச்சம். வடக்கோ வடகிழக்கோ நல்லது. ஈசானியம் என்று பெரியவர்கள் சொல்வதோடும் ஒத்துப்போகும்! திறந்த வானத்தின் கீழே ஆளுயரச் சிலை குழந்தையைப் போலச் சிறுத்துத் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வேண்டும். களிமண் நிலையிலேயே சிலையைப் பீட உயரத்துக்கு ஏற்றி, பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மேசை உயரத்தில் சரியாக இருந்த தலை, மேலே ஏறியதும் சிறியதாகத் தெரிவது வழக்கம். வெண்கலத்தில் திருத்த முடியாது.

பார்ப்பவர் நிற்கும் இடத்தைச் சிற்பத்தின் பாகமாகவே ஆக்கிய மிகச் சிறந்த வேலை நமக்குப் பக்கத்திலேயே, ஹோவிக்கில் இருக்கிறது. மண்டேலா 1962-ல் பிடிபட்ட இடத்தில் 2012-ல் மார்கோ சியான்ஃபனெல்லி நிறுத்திய 50 எஃகுத் தூண்கள். 35 மீட்டர் தொலைவில் குறித்த இடத்தில் நின்றால் மண்டேலாவின் பக்கவாட்டு முகம் தெரியும், ஓரடி விலகினால் முகம் கலைந்து வெறும் கம்பிகளாகிவிடும். ஜோஹானஸ்பர்க்கின் சான்ட்டனில் இருக்கும் 6 மீட்டர் வெண்கல மண்டேலா வேறு வகை. மக்கள் காலடியில் நின்று, தொட்டு, படம் எடுக்கிறார்கள். தொடும் இடம் மினுங்கும். அதைக் குறையாக நினைக்கவேண்டியதில்லை, ஆனால் வெண்கலத்தைக் காக்கப் பூசும் மெழுகு அங்கே சீக்கிரம் போய்விடும்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொது நினைவுச்சின்னங்களுக்கு 1999-ன் 25-ஆம் எண் சட்டமான தேசிய மரபுரிமை வளங்கள் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், மரபுரிமை அமைப்பான அமாஃபாவிடமும் நகராட்சியிடமும் முதல் வரைபடம் போடுவதற்கு முன்பே பேசுங்கள். நிலம் யாருடையது, பிறகு பராமரிப்பது யார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். சிற்பியிடமும் ஒன்று எழுதி வாங்கவேண்டும். தெருவில் நிற்கும் சிலையைத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் காட்டுவதற்குத்தான் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. சங்கத்தின் நாள்காட்டியில் போட உரிமை தேவை. அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது இதைவிட முக்கியம். டர்பன் வார்விக் சந்திப்பில் சிற்பி ஆன்ட்ரீஸ் போத்தா கம்பிக்கூண்டில் கல் நிரப்பிச் செய்த யானைகள், ஒரு கட்சியின் சின்னத்தைப் போல இருக்கிறது என்ற புகாரால் 2010-ல் பாதியில் நின்றன. அரைகுறையாகக் கிடக்கும் சிற்பத்தை வெயிலும் திருடரும் விடமாட்டார்கள்.

எதிர்ப்பும் வரக்கூடும். 2015 ஏப்ரலில் ஜோஹானஸ்பர்க் காந்தி சிலைமேல் வெள்ளைச் சாயம் ஊற்றினார்கள். இந்த மாதிரி நேரத்திலும் சிலையைக் காப்பது மெழுகுதான். சாயம் உலோகத்தில் ஒட்டாமல் மெழுகின்மேல் நிற்கும். டர்பன்டைனில் நனைத்த துணியால் மெழுகோடு சேர்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். மெழுகில்லாச் சிலையில் சாயத்தைச் சுரண்டினால் பச்சைக்களிம்பு நிறமும் சேர்ந்து போகும்.

கடற்கரை ஓரத்தில் வருடத்துக்கு இரண்டு முறையும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போல உள்நாட்டில் ஒரு முறையும் மெழுகு பூசுவது போதும். மழையில்லாத குளிர்கால நாளைத் தேர்ந்தெடுங்கள். நல்ல தண்ணீரில் காரமில்லாத சோப்புத் திரவம் சில துளி விட்டு, மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகக் கழுவவேண்டும். பறவை எச்சத்தை ஊறவைத்து எடுக்கவேண்டும், சுரண்டக்கூடாது. பிராஸோ போன்ற உலோக மெருகுத் திரவம், கம்பி நார், உயர் அழுத்தத் தண்ணீர் மூன்றும் வேண்டாம். வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டு அடைப்பில்லை என்று பாருங்கள். வெளிர்பச்சையில் மாவு போலப் புள்ளிகள் தெரிந்து, துடைத்த சில நாளில் திரும்ப வந்தால் அது உப்பு உள்ளே புகுந்த நோய். மெழுகு பூசி மூடாமல் பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிடுங்கள். கருங்கல் பீடத்தில் உப்புப் பூத்திருந்தால் ஈரக் காகிதக் கூழைத் தடவி, காயவிட்டு உரித்தெடுக்கலாம். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவருக்குச் செய்வதும் இந்த வைத்தியம்தான்.

சிலை முழுவதும் காய்ந்தபின், கையகல இடமாக எரிவாயு விளக்கால் மெல்லச் சூடாக்கி, நுண்படிக மெழுகைப் பிரஷால் மெலிதாகத் தடவுங்கள். மெழுகு புகைந்தால் சூடு அதிகம், வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நின்றால் சூடு குறைவு. ஆறியதும் பருத்தித் துணியால் தேய்த்து, ஒரு குவளைத் தண்ணீரைத் தோளில் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் வேலை சரி. எங்காவது தண்ணீர் படர்ந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு பூச்சு.