கல்வெட்டு பேசாத இடம்

ஜூன் 7, வெள்ளி

வேலை முடிந்து வரும்போது ரயிலில் ‘பொன்னியின் செல்வன்’. மூன்றாவது முறை. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் கொலையாகும் கட்டம் வந்ததும் தலை நிமிரவே இல்லை. செங்காங்கில் இறங்க வேண்டியவன் பொங்கோல் வரை போய்விட்டேன். என்ன ஆகும் என்று தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது.

ஜூன் 8, சனி

இரவில் மகளுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கரிகாலன் விழுந்தான் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இது நிஜமா நடந்ததா?”

நடந்ததுதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினரின் சொத்தைப் பறித்த கதையைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள்? ஒரு வரி இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியை அனுப்புகிறார். அவள் முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவன் பெயரளவில் நிஜம். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு வீராணம் ஏரிக்கரையில் குதிரையை ஓட்டிவிட்டு, 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வாசகர்களைக் காக்க வைத்தார்!

இந்த வகை நாவல் எனக்குப் பிடிப்பதே இதனால்தான். வரலாறு தெரிந்த இடத்தில் கை வைக்கக் கூடாது, தெரியாத இடத்தில் பயப்படக் கூடாது. வாளும் சுரங்கப்பாதையும் இருந்தால் போதும் என்று ஆண்டையே இஷ்டத்துக்கு மாற்றுகிற நாவல்களை என்னால் இருபது பக்கம் தாண்ட முடிவதில்லை.

ஜூன் 12, புதன்

மழை. ஒன்றும் படிக்கவில்லை. படுக்கும்போது மகள், “சிங்கப்பூர்ல அந்த மாதிரிக் கல்வெட்டு இருக்கா?” என்றாள். சரி, ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

தேசிய அரும்பொருளகம். சிங்கப்பூர்க் கல்லின் முன் அரை மணி நேரம் நின்றோம். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பெரும்பாறை. சுமார் 3 மீட்டர் உயரம், ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1843-இல் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியதில் ஒரு துண்டுதான் இது. நேராகப் பார்த்தால் வெறும் சொரசொரப்பு. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் சின்னச் சின்ன எழுத்துகள், நெருக்கமாக, வரி வரியாக. இன்றுவரை யாராலும் இதை முழுதாகப் படிக்க முடியவில்லை.

“பலசாலி பாடாங் எறிஞ்ச கல் இதுதானே?” என்றாள். அது மலாய்ப் பழங்கதை, பள்ளியில் கேட்டிருக்கிறாள். ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் கையை இழுத்தாள்.

“வெடி வைக்கறதுக்கு முந்தின ராத்திரி, படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க வந்திருந்தா?”

வீடு வரும்வரை அதே பேச்சு. அந்த ஆள் படகில் வருவானாம். காவலாளிக்குத் தெரியாமல் விளக்கைத் துணியால் மூடிக்கொள்வானாம். காகிதத்தை வைத்துக் கரியால் தேய்த்துப் பாதி எழுத்தை எடுத்துவிடுவானாம். மீதிப் பாதிக்குள் விடிந்துவிடுமாம்.